நிசேயாவில் நடந்தது வேறு

ஆசிரியருக்கு,

கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய கிறிஸ்தவ ஆயர்களின் சங்கம் வாக்கெடுத்துத்தான் இயேசுவைக் கடவுளாக்கியது என்று நாத்திகர்களும் இஸ்லாமிய நண்பர்களும் அடிக்கடி வாதிடுகிறார்கள். இது தவறு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட, புதிய ஏற்பாட்டின் பிலிப்பியர் நிருபம் 2:6-11 பகுதியே அவரை ஆண்டவர் என அறிக்கையிடுகிறது. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுவதைப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். பிளினி கிறிஸ்தவர்களைத் தண்டித்தவர். அதனாலேயே இந்தச் சாட்சிக்கு எடை அதிகம். நிசேயாவில் எழுந்த கேள்வி, மகனாகிய இயேசு படைக்கப்பட்டவரா, தந்தையாகிய கடவுளோடு ஒரே சாரமுடையவரா என்பதே. வேதாகம நூல்பட்டியலை அங்கே யாரும் தீர்மானிக்கவில்லை.

கிறிஸ்தவர்களான நம் தரப்பிலும் பிழை உண்டு. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை விளக்கத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமையைச் சொல்லாதீர்கள். ஒருவரே மூன்று வேடம் தரிப்பதாகும் அது. ஆதித் திருச்சபையே நிராகரித்த இக்கருத்துக்குச் சபெல்லியக் கொள்கை என்று பெயர். கேட்பவர் குழம்புவது அங்கேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்