அறிவியல் மன்றத்தின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வர இயலவில்லை என்று இன்று காலை வாட்ஸ்அப்பில் தெரிவித்த உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் மன்றம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போன ஆண்டு அறிக்கை நீளமாக இருந்தது என்று சிலர் குறைப்பட்டார்கள். அதனால் வழக்கமான நிகழ்ச்சிகளை முதலிலேயே ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் பள்ளி வளாகத்தில் மரக்கன்றுகள் நட்டோம். ஆடுகள் விட்டுவைத்தவை நன்றாக இருக்கின்றன. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இரண்டு குழுக்கள் ஆய்வறிக்கை தயாரித்து மாவட்ட அளவு வரை சென்றார்கள். ராமன் விளைவு 1928இல் கண்டறியப்பட்ட பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் என்பதால் அன்று பேச்சுப் போட்டி வைத்தோம், பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தோம். செயற்குழு அவ்வப்போது கூடியது. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை, சில தடவை இருந்தது.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன்.

ஏப்ரல் 17 நம் புதுக்கோட்டைப் பகுதிக்கு நிழலில்லா நாள். பள்ளியில் ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் நிகழ்ச்சியை ரேஷன் கடை வாசலில் வைத்தோம். செயற்குழுவில் இதற்குக் கிண்டல் எழுந்தது. ஆனால் மதியம் 12 மணிக்கு நூறு பேர் ஓரிடத்தில் தானாகவே நிற்பது நம் ஊரில் வேறெங்கும் கிடையாது. கொத்தனார் ஒருவர் தம் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் கொண்டுவந்து, பிவிசி குழாய்த் துண்டுகளைத் துளியும் சாயாமல் நிறுத்திக் கொடுத்தார். 12.15 மணி வாக்கில் குழாயின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிட்டது. "உச்சி வெயிலில் தினமும் இப்படித்தானே இருக்கும்?" என்று வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார். இல்லை, நமக்கு ஆண்டில் இரண்டே நாட்கள்தான், அடுத்தது ஆகஸ்ட் கடைசி வாரம், சென்னைக்கு ஏப்ரலில் நம்மைவிட ஒரு வாரம் பிந்தி வரும், டெல்லிக்கு வரவே வராது என்று விளக்கினோம். அது ஏன் 12 மணிக்கு வராமல் 12.15க்கு வருகிறது என்று கேட்டவர் ரேஷன் கடையில் எடை போடும் தம்பி. நம் கடிகாரம் காட்டுவது நமக்குக் கிழக்கே, 82.5 பாகைத் தீர்க்கரேகையில் உள்ள நேரம். சூரியன் அந்த ரேகையைத் தாண்டி நம் தலைக்கு மேல் வரக் கால் மணி நேரம் ஆகிறது. இந்தக் கேள்வியை இதுவரை எந்த உறுப்பினரும் என்னிடம் கேட்டதில்லை. ஆகஸ்டில் மேகம், ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் பெட்டி. அறிவியல் பெட்டி செயலாளரின் சொந்த ஆசை என்று சிலர் பேசிக்கொள்வது காதுக்கு வந்தது. ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை நடத்துவது யார் யார் என்று இந்தச் சபைக்குத் தெரிய வேண்டும்.

பெட்டி என்பது பழைய டிரங்குப் பெட்டி. காந்தம், கண்ணாடித் துண்டு, லென்ஸ், தீக்குச்சி, வால்வு டியூப், மஞ்சள் தடவிய காகிதம், பலூன், தாமிரக் கம்பி ஆகியவை அதில் இருக்கும். ஒரு ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். இதில் எதுவும் நாம் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் காட்டிய வழி இது. அங்கேதான், எளிய பொம்மைகளால் அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்து காட்டினார். முக்கோணம் அழுத்தினாலும் வளையாது, சதுரம் சாய்ந்துவிடும். கூரைக்கு ஏன் முக்கோணச் சட்டம் போடுகிறோம் என்பது குழந்தைக்குக் கையிலேயே புரிந்துவிடும்.

நமக்கு வால்வு டியூப் தருபவர் பேருந்து நிறுத்தத்துச் சைக்கிள் கடைக்காரர். காசு வாங்குவதில்லை. பழைய பால் பேரிங்குகளையும் அவரே மண்ணெண்ணெயில் கழுவித் தருகிறார்.

மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். மின்சாரப் பாடத்தை அவரிடம் விட்டதற்கு ஓர் உறுப்பினர் வருத்தப்பட்டார், தாம் எம்.எஸ்சி. படித்தவர் என்று நினைவூட்டினார். அவரையும் அழைத்தோம், வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டார். அண்ணன் என்ன செய்தார் என்றால், கருகிப்போன சுருளை மேசையில் வைத்து, "கரண்ட் வேகமா வந்தா எரியுமா, லோ வோல்டேஜில எரியுமா?" என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் வேகமாக வந்தால்தான் எரியும் என்றார்கள். வோல்டேஜ் குறைந்தாலும் கிணற்றுத் தண்ணீரின் பாரம் குறைவதில்லை; அதே பாரத்தை இழுக்க மோட்டார் அதிக ஆம்பியர் எடுக்கும்; கம்பி சூடேறும், வார்னிஷ் கருகும், தன் பிழைப்பு நடப்பதே அதனால்தான் என்றார். பிறகு அதே கம்பியைச் சுற்றிப் பாட்டரியில் இணைத்துத் திசைகாட்டி முள்ளைத் திருப்பிக் காட்டினார். 1820இல் ஓர்ஸ்டெட் கண்டதும் அதைத்தான். பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து அண்ணனுக்கு வாசித்துக் காட்டியது ஏழாம் வகுப்புப் பெண்.

உடல் உறுப்புப் பாடத்துக்குத் துணி ஏப்ரன் தைத்துக் கொடுத்தவர் மேலத்தெரு தையல்கார அம்மா. நுரையீரல், இரைப்பை, கல்லீரல் எல்லாம் தனித்தனியாகத் தைத்து, ஒட்டி ஒட்டி எடுக்கிற மாதிரி வெல்க்ரோ வைத்திருக்கிறார். தைக்கும் முன் அவர் ஒரு சந்தேகம் கேட்டார்: "கல்லீரல் வலப்பக்கம்னு சொல்றீங்க, போட்டுக்கிறவங்களுக்கு வலமா, எதிரே நின்னு பாக்கிறவங்களுக்கு வலமா?" செயற்குழுவின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். மூன்று கைகூப்பும் படங்களும் ஒரு காலை வணக்கமும் வந்தன. கடைசியில் அம்மாவே துணியைத் தன் மேல் போட்டுப் பார்த்து, போட்டுக்கொள்பவரின் வலப்பக்கம் சரியாக வைத்துவிட்டார்.

பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோவது நம் அறிவொளி அக்கா. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியது இந்த மாவட்டம் முழுக்கத் தெரிந்த கதை. அக்கா அப்போது தொண்டராக இருந்தவர். சைக்கிள் டிவிஎஸ் எக்ஸ்எல் ஆகியிருக்கிறது, மற்றபடி அதே வேலைதான். பெட்ரோலுக்கு மன்றம் தர வேண்டிய பணம் பாக்கி இருக்கிறது. அவர் கேட்கவில்லை; அதனால்தான் இங்கே நான் சொல்கிறேன்.

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த இரண்டு பெண்கள் மாலை வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு மாணவி கல்லூரி விட்டு வந்து, கடைசிப் பேருந்துக்கு முன் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறாள்.

வானவில் மன்றம் வந்துவிட்டதே, இனி நமக்கு என்ன வேலை என்று ஒரு கேள்வி. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய அந்தத் திட்டம் நல்ல திட்டம். கருத்தாளர்கள் பள்ளிக்கே வந்து 6 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுகிறார்கள். நம் பெட்டி போவது பள்ளி விட்ட பிறகு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் வரும், பத்தாவதில் நின்றுபோன பையனும் வருவான், பேரனைக் கூட்டிவரும் ஆயாவும் உட்காருவார். மஞ்சள் காகிதத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டுச் சிவந்ததும், "இது குங்குமம் செய்ற விதம்ல" என்று சொன்னது அப்படி வந்த ஆயாதான். அதிலிருந்து அமிலம், காரம் இரண்டையும் விளக்க எங்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

செயற்குழுவில் நடந்த ரோபோ விவகாரத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெளியூர் நிறுவனம் ஒன்று ஒருநாள் ரோபோ கண்காட்சி நடத்தித் தருவதாக விலைப்புள்ளி தந்தது. மேடை, பிளக்ஸ், சிறப்பு விருந்தினர் எல்லாம் சேர்த்தால் நம் பெட்டிகள் முழு ஆண்டும் ஓடத் தேவையான பணம் ஒரே மதியத்தில் போய்விடும். ரோபோவுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் அந்த ரோபோவைக் குழந்தைகள் தொடக் கூடாது என்று விலைப்புள்ளியிலேயே எழுதியிருந்தது. நான் எதிர்த்தேன், தலைவர் என் பக்கம் நின்றார், தீர்மானம் தோற்றது. அதற்குப் பிறகு மூன்று செயற்குழு உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர்கள் நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன, வரலாம்.

செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வருவார்கள் என்று நம்பித் தகவல் அனுப்பினோம். இரவு 9.57க்கு நிலவில் நிழல் ஏறத் தொடங்கியது, 11 மணிக்கு மேல் செம்பு நிறமாகிவிட்டது. பூமி மறைத்த பிறகு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள். பூமியைச் சுற்றியுள்ள காற்று வளைத்து அனுப்பும் சிவப்பு ஒளிதான் அது, உலகத்தில் அந்த நேரம் நடக்கிற எல்லா விடியலும் எல்லா அந்தியும் சேர்ந்து நிலவில் விழுகிறது என்று இயற்பியல் மாணவி சொன்னாள். கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது என்பதற்குப் பதிலாகச் சுண்டல் கொடுத்தோம். முதலில் யாரும் கை நீட்டவில்லை. அறிவொளி அக்கா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "பத்து நிமிஷம் பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீங்க சாப்பிடுங்க" என்றார். பத்து நிமிடம் யாரும் காத்திருக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். உறுப்பினர்களில் வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்; அவர்களில் ஒருவர் தொலைநோக்கியோடு படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். அந்தப் படத்துக்குத்தான் குழுவில் அதிக பாராட்டு.

மார்ச் 3 அன்று மறுபடி சந்திர கிரகணம், நிலவு கிழக்கே எழும்போதே ஒரு பகுதி மறைந்திருந்தது. 6.47க்கெல்லாம் முடிந்துவிடும், ஊருக்குக் கிழக்கே தைலமரக் காடு மறைக்கும் என்பதால் எல்லோரையும் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போனோம். பார்த்தோம்.

இப்போது சந்தா. ஆண்டுக்கு 200 ரூபாய். பட்டியலில் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் கட்டியிருக்கிறார்கள். மூன்றாண்டு பாக்கி உள்ளவர்களும் உண்டு. நினைவூட்டல் அனுப்பினால் குழுவிலிருந்து விலகிவிட்டுச் சில நாளில் திரும்பச் சேர்க்கச் சொல்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் பதிவாளரிடம் தர வேண்டும். பட்டியலைத் தயார் செய்ய உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. மேலே நான் சொன்ன கொத்தனார், சைக்கிள் கடைக்காரர், ரீவைண்டிங் அண்ணன், தையல்கார அம்மா, அக்கா, மூன்று பெண்கள், இவர்களில் ஒருவர்கூட நம் மன்றத்தின் உறுப்பினர் இல்லை. யாரும் அவர்களைச் சேரச் சொல்லவில்லை. வேலை செய்பவர்கள் பட்டியலுக்கு வெளியே, பட்டியலில் இருப்பவர்கள் வேலைக்கு வெளியே என்று எத்தனை நாள் நடத்துவது?

அவர்களைக் கௌரவ உறுப்பினர்களாகச் சேர்க்கச் செயற்குழுவில் முன்மொழிந்தேன். சந்தா கட்டாதவருக்கு வாக்குரிமை இல்லை, நம் விதிகள் இடம் தரவில்லை என்று ஆட்சேபணை வந்தது. ஆட்சேபணை முறையானதே. விதியை எடுத்துப் படித்தேன். அந்த விதியைக் கண்டிப்பாகப் பார்த்தால், ஆட்சேபித்தவர் உட்பட இந்த அறையில் பெரும்பாலோருக்கு இன்று கை உயர்த்தும் உரிமை கிடையாது. ஆகவே விதியைத் திருத்துவதா, விதியின்படி நடப்பதா என்பதை இந்தச் சபையே முடிவு செய்யட்டும். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. வரவில் சந்தா, நன்கொடை, பழைய இருப்பு ஆகியவை உண்டு. செலவில் பெட்டிச் சாமான்கள், போக்குவரத்து, பரிசுகள், சுண்டல். நடுவில் கொஞ்சம் கைக்காசும் போட்டிருக்கிறேன், அதைக் கணக்கில் காட்டவில்லை. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் கையெழுத்திட்டதும் நகல் தரப்படும். அவர் ஊரில் இருக்கும் நாளைத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தலைமையாசிரியர்கள், ஊராட்சி மன்றம், ரேஷன் கடை ஊழியர்கள், நாற்காலி தந்த பந்தல் கடை, ஒத்துழைத்த அனைவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் இன்னும் இரண்டு பெட்டிகள் வேண்டும். தொலைநோக்கியின் கண்ணருகு லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். மாலை வகுப்புப் பெண்களுக்குப் பேருந்துச் செலவாவது தர வேண்டும். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தால் அலமாரிச் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார். போன ஆண்டும் இதைச் சொன்னேன், அப்போது அறை சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு நேராகக் காபிக்குப் போனது. இந்த முறை ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் காபி மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஜிபே அட்டையும் ஒட்டியிருக்கிறது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்