அந்த அரை ஏக்கரில் கை வைக்காதே

திருவான்மியூர், சென்னை
மார்கழி 5

அன்புள்ள முத்துவுக்கு,

உன் கடிதம் ஐப்பசியில் வந்திருக்கிறது. நான் மார்கழியில் பதில் எழுதுகிறேன். ஊரில் இல்லை என்பது பாதிக் காரணம்தான். திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வந்த அன்றே பிரித்துப் படித்தேன். பொங்கல் முடிந்ததும் பன்னீர்த் திராட்சைக் கொடிகளைத் தூரோடு தோண்டிவிட்டுத் தென்னை வைக்கப் போவதாக நீ எழுதியிருந்த வரியைப் பார்த்த பிறகு பேனாவை எடுக்க மனம் வரவில்லை. கோபத்தோடு எழுதினால் உனக்கும் கோபம் வரும். பிறகு கல்லூரி முடித்த வருடம் செய்தது போல ஓராண்டு பேசாமல் இருப்போம். இனி அப்படி வீணாக்க நம்மிடம் ஆண்டுகள் இல்லை.

இங்கே எல்லோரும் நலம். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். மழைக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. விடுதி வார்டன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே உன்னைத்தான் கேட்டார். மாங்காய் விஷயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை, அதனால் நீ நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஜெர்மனியில் டிரியர் நகரில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். மோசெல் ஆற்றங்கரையில் ஒரு கிழத் தம்பதிக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அறுவடை நாட்களில் இவள் உதவிக்குப் போவாள். என்னையும் அழைத்துப் போனாள். ஐந்து ஏக்கர், உன்னுடையதைவிட ஓர் ஏக்கர்தான் கூடுதல். தோட்டம் என்றதும் கல்தூணும் கம்பியும் நிழலுமாக உன் பந்தலை நினைத்துக்கொள்ளாதே. அங்கே பந்தலே கிடையாது. ஆற்றிலிருந்து செங்குத்தாக எழும் மலைச்சரிவில், கொடிக்கு ஒரு கழி நட்டு, இரண்டு கிளைகளை வில்லாக வளைத்து இதய வடிவில் கட்டியிருக்கிறார்கள். அதே ஆற்றில் இன்னும் கீழே கால்மோன்ட் என்று ஒரு சரிவு, அறுபது பாகைக்கு மேல் சாய்வாம். இது அவ்வளவு இல்லை என்றாலும், ஒரு கையால் கழியைப் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் குலையை வெட்ட முடிந்தது.

காலடியில் மண்ணே இல்லை. பலகை பலகையாகப் பிளந்த கருநீல ஸ்லேட் கல். நாம் ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகினோமே, அந்தச் சிலேட்டேதான். சாயங்காலம் வெயில் இறங்கிக் குளிர் காதைக் கடிக்கத் தொடங்கியபோது அந்தக் கல்மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடு இருந்தது! சித்திரை மாதத்தில் இரவு எட்டு மணிக்கு நம் மொட்டை மாடித் தரையில் வெறுங்காலோடு நடந்தால் தெரியுமே, அந்த மாதிரிச் சூடு. பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது கல். கீழே ஆறு தன் பங்குக்கு வெளிச்சத்தை மேலே எறிகிறது. அந்த ஊர் இருப்பது 50 பாகை வட அட்சத்தில். உன் கம்பம் பத்துக்கும் கீழே. அந்தச் சரிவும் கல்லும் ஆறும் இல்லாவிட்டால் அவ்வளவு வடக்கே அவர்களுடைய ரீஸ்லிங் திராட்சை பழுப்பது பெரும்பாடு. அது தாமதமாகப் பழுக்கும் சாதி.

அந்தத் தாமதத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும் என்று விமானத்தில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். கவாத்து செய்து 120 நாளில் உன் பழம் கூடைக்கு வந்துவிடுகிறது. அங்கே சித்திரையில் துளிர்த்தது ஐப்பசியில்தான் கைக்கு வருகிறது, அதுவும் ஆண்டுக்கு ஒரே முறை. மே மாத நடுவில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த ஒரு முறையும் போய்விடலாம். திராட்சையில் முக்கியமான அமிலங்கள் இரண்டு என்று படித்தோமே. டார்டாரிக் அமிலம், நம் புளியில் இருப்பது, வெயிலுக்கு அவ்வளவாக அசையாது. மாலிக் அமிலம் அப்படி இல்லை. வெப்பத்தில் பழம் மூச்சுவிட மூச்சுவிட அது எரிந்து தீர்ந்துபோகும். குளிர்ந்த இரவுகளில் பழத்தின் மூச்சு மெதுவாகிறது, அமிலமும் தங்குகிறது. இனிப்பு நிதானமாக ஏறுகிறது, புளிப்பு இறங்காமல் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே மணம் கூடுவதற்கு நேரம் கிடைக்கிறது. ஒரு பழத்தைக் கடித்தேன். முதலில் தேன், அடுத்த நொடியே பல் கூசும் புளிப்பு, அதன் பின்னால் இன்னும் ஏதோ ஒன்று.

அந்தப் பழச்சாறு ஒயினாகும் நிலவறையிலும் அதே நிதானம்தான். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய ஓக் பீப்பாய்கள். தோலிலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்டே வேலையைத் தொடங்குகிறது. சித்திரையில் இரவு கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி மேடையெல்லாம் வழியும். வாயில் வைத்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும். இதே மார்கழியில் மெல்லப் புளித்த மாவில் உளுந்து மணம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அந்த நிலவறையில் எப்போதும் மார்கழி. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நொதிக்கிறது. சர்க்கரை கொஞ்சம் மீதமிருக்கும்போதே குளிர வைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதனால் சாராய அளவு எட்டு, ஒன்பது சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

குடித்தாயா என்று நீ கேட்பாய். இரண்டு விரல் அளவு, இரண்டு கோப்பைகளில். கிழவர் எதிரே உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தார். ஒன்று வேலன் என்ற ஊர்ச் சரிவில் விளைந்தது. நம் முருகன் பெயர்தான் என் காதில் விழுந்தது! பறிப்பவர்களுக்கு நேரம் தெரியட்டும் என்று 1842-இல் யோடோகஸ் ப்ரும் என்பவர் அந்தச் சரிவில் ஒரு சூரியக் கடிகாரம் கட்டி வைத்திருக்கிறார், இன்றும் நிற்கிறது. மற்றது ஊர்ட்சிக் என்ற ஊருடையது. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஒரே ரீஸ்லிங், ஒரே ஆறு. வேலனில் நீல ஸ்லேட் கல், ஊர்ட்சிக்கில் இரும்பேறிய செம்மண். முதல் கோப்பையில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற மெல்லிய மணம். இரண்டாவதில் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டது போல ஒரு காரம். அந்தச் சரிவுக்கே 'மசாலாத் தோட்டம்' என்று பொருள்படும் பெயர்தானாம். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் வேறுபாடு தெரிகிறது, முத்து.

கல்லின் சுவை அப்படியே பழத்துக்குள் ஏறிவிடுகிறது என்று அங்கே சிலர் சொல்கிறார்கள். முப்பது ஆண்டு தாவரவியல் நடத்திய நான் அதை ஏற்க மாட்டேன். வேர் பாறையைக் குடிப்பதில்லை. பாறை எவ்வளவு நீரைப் பிடிக்கிறது, எவ்வளவு வடிக்கிறது, எவ்வளவு சூட்டைத் தேக்குகிறது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, இவை எல்லாம் சேர்ந்துதான் கொடியை நடத்துகின்றன. விருப்பாட்சி மலைவாழையைச் சமவெளியில் நட்டால் ஏன் அந்த ருசி வருவதில்லை என்று உன் அப்பா நம்மிடம் கேட்டாரே, அதற்கும் இதுதான் பதில். அன்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

உனக்குச் சாதகமான கதை ஒன்றும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1787-இல் டிரியரை ஆண்ட கிளெமென்ஸ் வென்சஸ்லாஸ், தரம் குறைந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல சாதிகளை நட வேண்டும் என்று ஆணையிட்டார். மோசெலில் ரீஸ்லிங் பரவியதற்கு அந்த ஆணையும் ஒரு காரணம். ஆக, பிடுங்குவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் பிடுங்கியது அந்தச் சரிவுக்குப் பொருந்தாததை. நீ பிடுங்கப் போவது உன் மண்ணுக்கு மிகப் பொருந்தியதை.

பன்னீர் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. அதன் மணத்தில் ஜெரானியால் இருக்கிறது. ரோஜா எண்ணெயில் இருக்கும் அதே பொருள். உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. குளிர் நாட்டிலிருந்து வந்த அந்தச் சாதி மேற்குமலைக் காற்றும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் பட்டு, உன் ஊரில் ஆண்டு முழுவதும் காய்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. மோசெல் கிழவருக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒரே கொடியில் ஆண்டுக்கு இரண்டு அறுவடையா என்று மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். உன் பந்தலின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பீர்களா என்று கேட்டார், அடிப்போம் என்றேன். அடிச்சாம்பல் நோய் அவரையும் விடவில்லை.

வியாபாரி சொல்லும் விலையில் பறிகூலி கூடத் தேறவில்லை, மழை வந்தால் பழம் வெடிக்கிறது, வாங்குகிறவர்கள் எல்லோரும் விதையில்லாததைக் கேட்கிறார்கள், 2023-இல் வந்த புவிசார் குறியீடு கூலி கொடுக்காது. நீ எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. உன் வீட்டுக்காரர் போன பிறகு தனியாக நான்கு ஏக்கரை நீ எப்படித் தாங்குகிறாய் என்பதைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் பேசுவது நியாயமில்லை என்றும் தெரியும். மோசெலிலும் இதே கதைதான். பிள்ளைகள் அந்தச் சரிவில் ஏற மறுக்கிறார்கள். பல சரிவுகளில் முள்ளும் புதரும் மண்டிக் கிடப்பதைப் பார்த்தேன். கிழவரின் பையன் லக்சம்பர்க்கில் வங்கி வேலையில் இருக்கிறான். குளிரும் குறைந்துகொண்டே வருகிறதாம். சிறுவயதில் நவம்பரில் விரல் விறைக்கப் பறித்ததை இப்போது செப்டம்பரிலேயே தொடங்க வேண்டிய ஆண்டுகளும் வருகின்றன. அந்தப் புளிப்பு இன்னும் எத்தனை ஆண்டு நிற்குமோ என்று அவர் சொன்னபோது அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்றரை ஏக்கரில் தென்னையோ வாழையோ எதை வேண்டுமானாலும் வை. கிணற்றை ஒட்டிய அந்த அரை ஏக்கரை, உன் மாமனார் நட்ட கொடிகளை மட்டும் விட்டுவை. அதன் ஓராண்டுப் பறிகூலியையும் மருந்துச் செலவையும் நான் தருகிறேன். கடன் என்றோ உதவி என்றோ நினைக்காதே. பழத்தை எனக்கு அனுப்பு, போதும். ஒரு வரிசையை மட்டும் நிறம் ஏறியதும் பறிக்காமல் பத்து நாள் தள்ளிப் பார். மழையில்லாத தையில் அது முடியும் என்று நினைக்கிறேன். நானும் வருகிறேன். தை பத்துக்குள் பஸ் டிக்கெட் எடுத்துவிடுவேன். இருவரும் சேர்ந்து ருசித்துவிட்டு முடிவு செய்யலாம். அதுவரை கடப்பாரை உள்ளேயே இருக்கட்டும்.

மோசெலிலிருந்து ஒரு துண்டு ஸ்லேட் கொண்டுவந்திருக்கிறேன், உனக்குத்தான். நாரத்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. நான் வரும்போது புது ஜாடி தயாராக இருக்க வேண்டும்.

அன்புடன்,
விசாலம்