ஒரு ராத்திரி, மூன்று நண்பர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தொண்ணூறுகளின் ஜெர்மன் சினிமா பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். 'ரன் லோலா ரன்' (1998) படத்துக்கு அத்தனை பக்கங்கள் ஒதுக்கியது சரிதான். ஆனால் அடுத்த ஆண்டே வந்த 'அப்சொலூட்டெ கிகான்டென்' பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது. லோலாவை எடுத்த டாம் டிக்வர் பங்குதாரராக இருந்த நிறுவனம்தான் இதையும் தயாரித்தது. செபாஸ்டியன் ஷிப்பர் இயக்கிய முதல் முழுநீளப் படம்.

ஹாம்பர்க் நகரில் கதை நடக்கிறது. ஃப்ளாய்டுக்குக் கோர்ட் விதித்த கண்காணிப்புக் காலம் முடிந்துவிட்டது. விடிந்தால் சரக்குக் கப்பலில் ஏறிவிடுவான். நண்பர்கள் ரிக்கோவிடமும் வால்டரிடமும் இதைக் கடைசி நேரத்தில்தான் சொல்கிறான். அவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? அந்தக் கோபத்தோடேயே வால்டரின் பழைய ஃபோர்டு கிரனாடாவில் ஏறி மூவரும் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள்.

காதலர்கள் பிரிந்தால் சினிமாவில் பாட்டு உண்டு, மழை உண்டு. நண்பன் ஊரைவிட்டுப் போனால் ஸ்டேஷனில் கையசைப்பதோடு காட்சி முடிந்துவிடும். இந்தப் படம் முழுக்க முழுக்க அந்தப் பிரிவைப் பற்றியது. போகாதே என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருவதில்லை. அதற்குப் பதிலாகச் சண்டை போடுகிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், மதுக்கூடத்தில் பந்தயம் கட்டி மேசைக் கால்பந்து ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தை உலகக் கோப்பை இறுதிப்போட்டி போல எடுத்திருக்கிறார் ஷிப்பர். இதற்கு முன் அந்த விளையாட்டின் பக்கமே போகாத நான், நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தேன். எதைச் செய்தாலும் பின்னணியில் இசை இருக்க வேண்டும் என்று ஃப்ளாய்டு ஓரிடத்தில் சொல்வான். வேறு யார் சொன்னாலும் வசனமாகத் தெரிந்திருக்கும். ஃப்ளாய்டாக நடித்த ஃப்ராங்க் கீரிங் சொல்லும்போது ஒரு பையன் மனதில் பட்டதைச் சொல்வதாகவே இருக்கிறது. அவர் 2010இல் தன் 38வது வயதிலேயே இறந்துபோனார். அதை அறிந்தபின் இரண்டாம் முறை பார்ப்பது எளிதாக இல்லை.

அப்புறம் இன்னொன்று. ஒரே ஷாட்டில் எடுத்த 'விக்டோரியா'வை (2015) இன்று பலரும் கொண்டாடுகிறார்கள். அதுவும் ஷிப்பரின் படம்தான், அதிலும் ஒரு பெருநகரம், ஓர் இரவு, சில நண்பர்கள். அந்தப் படம் பிடித்தவர்கள் அவருடைய இந்த முதல் படத்தையும் அவசியம் பார்க்க வேண்டும்.

தொடரின் அடுத்த பகுதியில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். கதையின் முடிவை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை