மரண அறிவித்தலுக்கு என்ன கட்டணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து வாசிக்கிறவன் நான். என் வயதில் எல்லோரும் அப்படித்தான். முதலில் மரண அறிவித்தல், அப்புறம் 31ஆம் நாள் நினைவஞ்சலி, கண் களைக்காவிட்டால் அரசியல். இரண்டு கிழமையாகத் தேடிப் பார்க்கிறேன், எங்கள் வீட்டில் விழுந்த சாவைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை. விளையாட்டுப் பக்கத்தில் போட்டீர்கள், சரி. அது செய்தி. நான் கேட்பது அறிவித்தல்.

இறந்தவர் எங்கள் பேஸ்போல் அணி, ரொறன்ரோ புளூ ஜேஸின் 2025ஆம் ஆண்டு. உலகத் தொடர் என்கிற இறுதிப் போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டம், ஒன்பதில் முடிய வேண்டியது சமநிலையால் பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுபட்டு, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் 5க்கு 4 என்று தோல்வி. நவம்பர் முதலாம் தேதி சனிக்கிழமை இரவு தொடங்கிய ஆட்டம், உயிர் பிரிந்தபோது ஞாயிறு பிறந்துவிட்டது. அன்றிரவுதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற நாளும். வருசம் முழுக்க ஒரு மணித்தியாலம் கூடுதலாக நித்திரை கிடைக்காதா என்று ஏங்குகிறவன் நான். கிடைத்த அந்த ஒன்றையும் கூரையைப் பார்த்தபடியே கழித்தேன்.

எனக்கும் இந்த அணிக்கும் உறவு 1993இல் தொடங்கியது. கனடாவுக்கு வந்து மூன்று கிழமை. ஒக்டோபர் 23 இரவு, திடீரென்று தெரு முழுக்க ஹோர்ன் சத்தமும் சனத்தின் கூச்சலும். நான் வந்த இடத்தில் சனம் இரவில் இப்படித் தெருவுக்கு இறங்கினால் அதற்கு வேறு அர்த்தம். யன்னலைச் சாத்தி, லைட்டை நூர்த்து, நிலத்தில் படுத்துவிட்டேன். கூட இருந்த மச்சான்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னான், புளூ ஜேஸின் ஜோ கார்ட்டர் என்று ஒருவர் பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பி, அதாவது ஹோம் ரன் அடித்து, உலகத் தொடர்க் கிண்ணத்தை வென்று கொடுத்துவிட்டாராம். சரி, இந்த நாட்டில் இதற்குத்தான் சத்தம் போடுகிறார்கள் என்று எழும்பி உட்கார்ந்தவன், அடுத்த கிண்ணத்துக்காக 32 வருசமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். அதுதான் இப்போது வீட்டில் வழக்கு. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4க்கு 3 என்று முன்னிற்கிறோம். இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் கிண்ணம். தொண்டை வறண்டு போய்த் தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன். கேத்தில் கொதிக்க முதல் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அடித்த பந்து மதிலுக்கு அப்பால் போய்விட்டது, 4க்கு 4. வழக்கமாக அடித்துக் குவிக்கிறவர் அடித்திருந்தால் மனம் ஆறும். கடைசியாகத் துடுப்பெடுத்து வருகிற மனிசன் அவர்! பத்து வயதுப் பேரன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என் சம்பந்தி வீட்டார்கூடப் பார்த்ததில்லை. “அம்மப்பா, ஏன் கதிரையால எழும்பினனீங்கள்?”

அதற்குப் பிறகு நடந்ததை எத்தனையோ தரம் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதே இன்னிங்ஸில் எங்கள் முறை. மூன்று தளத்திலும் ஆள், ஒருவர்தான் ஆட்டமிழந்திருக்கிறார். மூன்றாம் தளத்தில் நின்றவர் ஐசையா கைனர் ஃபலெஃபா. அவர் ஓடி வந்து வீட்டுத் தளத்தை மிதித்தால் ஓட்டம், கிண்ணமும் எங்களுக்கு. துடுப்பெடுத்த எங்கள் ஆள் அடித்த பந்து நிலத்தில் உருள, ரோஹாஸ் தடுமாறி எடுத்து வீட்டுத் தளத்துக்கு எறிந்தார். தளங்கள் நிறைந்திருந்தால் ஓடி வருகிறவரை பந்தால் தொடத் தேவையில்லை, பந்தோடு தளத்தை மிதித்தால் போதும். அங்கே நின்று பிடித்த டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் கால் ஒருக்கால் மேலே எழும்பித் திரும்ப மிதித்தது, அந்தக் கணத்துக்குள் எங்கள் ஆளின் கால் வந்து சேரவில்லை. கிரிக்கெட்டாக இருந்தால் மட்டையை நீட்டிக் கோட்டைத் தொட்டிருப்பார். இவர்கள் ஏன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள் என்பது 32 வருசமாக எனக்கு விளங்காத ஒன்று.

ஏன் கைனர் ஃபலெஃபா முன்கூட்டியே நகராமல் மூன்றாம் தளத்தோடு ஒட்டி நின்றார் என்றும் கேட்கிறார்கள். முதல்நாள் ஆறாவது ஆட்டம் முடிந்ததே, தளத்தை விட்டு விலகியிருந்த எங்கள் அடிசன் பார்ஜர் திரும்பி வரமுன் பிடிபட்டதால்தான். சூடு கண்ட பூனை. அந்த ஆட்டத்தில் பார்ஜர் அடித்த பந்து மதிலின் அடியில் போய்ச் செருகிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். செருகினால் இரண்டு தளம்தான், ஓடுகிறவர்கள் நிற்க வேண்டும் என்பது சட்டம். சின்ன வயதில் ஊரில் எங்கள் பந்து பக்கத்து வளவு வேலியில் செருகினால் அந்த மாமி வெளியில் வரமுன் எடுத்துக்கொண்டு ஓடுவோம். மாமியின் சட்டத்துக்கும் இவர்களுடைய சட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அந்த ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து எறிந்த டொட்ஜர்ஸின் பந்து எறிகிறவர் யமமோட்டோவையே அடுத்த நாளும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கலியாண வீட்டுக்குச் சமைத்தவரை மறுநாளே செத்தவீட்டுக்கும் கூப்பிட்டது போல. அவரும் வந்து சமைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழு ஆட்டத்திலும் சேர்த்து நாங்கள் எடுத்த ஓட்டம் 34, அவர்கள் எடுத்தது 26. இதை நான் பலசரக்குக் கடையில், வங்கி வரிசையில், பல் வைத்தியரிடம் வாயைத் திறக்க முதல் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஒருவரும் கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை.

இப்போது வீட்டில் துடக்கு என்று அறிவித்திருக்கிறேன். மனைவி இதை ஏற்கவில்லை. “இஞ்சருங்கோ, துடக்கெண்டால் கோயிலுக்குத்தான் போகக் கூடாது. குப்பை வாளியை வெளியில வைக்கலாம்.”

ஆகவே கீழே உள்ளதை உங்கள் பக்கத்தில் போட்டுத் தரவும்.

“ரொறன்ரோ றொஜர்ஸ் சென்ரரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட புளூ ஜேஸ் 2025 அவர்கள், 02.11.2025 அன்று அதே இடத்தில் காலமானார். மார்ச் 27 பிறந்த அன்றே 12க்கு 2 என்று அடி வாங்கியும் தேறி வளர்ந்த அன்னார், கிண்ணம் வென்ற 1992, 1993 ஆகியோரின் பாசமிகு பேரனும், கிண்ணம் காணாமலே காலஞ்சென்ற 2015, 2016, 2020, 2023 மற்றும் 8க்கு 1 என்று முன்னின்று 10க்கு 9 என்று அகாலமரணமடைந்த 2022 ஆகியோரின் அன்புச் சகோதரரும் ஆவார். அந்தியேட்டி டிசம்பர் 2ஆம் தேதி. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

கால் பக்கத்துக்கு எவ்வளவு, அரைப் பக்கத்துக்கு எவ்வளவு என்று அறியத் தரவும். படம் தேவையென்றால், வில் ஸ்மித்தின் கால் தளத்திலிருந்து எழும்பி நிற்கிற படம் என்னிடம் இருக்கிறது. பெரிதாக்கிப் போடுங்கள். வாசகர்களும் ஒருக்கால் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கதிரையால் எழும்பியவர்,
ஸ்காபரோ