தோமா ஏன் சொல்லல?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஜப்பான் அனிமே கார்ட்டூன் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, அதுல 'எ செர்டன் மேஜிக்கல் இண்டெக்ஸ்' கதையில வர்ற கமிஜோ தோமாங்கற பையன் தனக்கு ஞாபகம் போனதை மறைக்கறது தியாகத்தோட உச்சம்னு எழுதியிருந்தாங்க. அதுக்குப் புதன்கிழமை ஒரு வாசகர், இதுல என்னய்யா தியாகம், பச்சைப் பொய், பசங்களுக்கு இதையா சொல்லித் தர்றதுன்னு பதில் எழுதிட்டாரு. எனக்கு ரெண்டுமே ஒத்துக்கல. வயசு 48, இதெல்லாம் உனக்கு எதுக்குன்னு வீட்லயே கேக்கறாங்க, ஆனா என் பொண்ணு ப்ளஸ் ஒன் லீவுல இந்தத் தொடரைப் போட்டு உக்காந்தப்ப பக்கத்துல சும்மா உக்காந்தேன், அப்புறம் அவ தூங்கப் போன பிறகு நான் தனியா பாக்க ஆரம்பிச்சு, கடைசியில நாவல் வரைக்கும் போயிட்டேன். (தோமான்னதும் முதல்ல எனக்கு செயின்ட் தாமஸ் மவுண்ட்தான் ஞாபகம் வந்துச்சு, அதை விடுங்க.)

தெரியாதவங்களுக்கு கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 2004-ல ஜப்பான்ல கசுமா கமாச்சி எழுதின நாவல் வரிசை, 2008-ல அனிமேவா வந்துச்சு. அகாடமி சிட்டின்னு மாணவர்களாலயே நிறைஞ்ச ஒரு ஊர், அங்க தோமான்னு ஒரு ஹைஸ்கூல் பையன், அவன் வலது கை எதைத் தொட்டாலும் அதுல இருக்கற மந்திர சக்தி செத்துடும். லீவு ஆரம்பிச்ச முதல் நாள் அவன் பால்கனி கம்பியில வெள்ளை அங்கி போட்ட ஒரு கன்னியாஸ்திரி பொண்ணு துணி காயப்போட்ட மாதிரி தொங்கிட்டு இருக்கா, பசிக்குதுங்கறா. அவதான் இண்டெக்ஸ். 1,03,000 மந்திரப் புத்தகத்தை மனப்பாடமா தலையில வச்சிருக்கறவ, பாத்த எதையும் மறக்க முடியாதவ. ஆனா ஒரு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. ஏன்னா அவளோட சர்ச்லயே வருஷா வருஷம் அவ ஞாபகத்தை அழிச்சுடறாங்க. அந்தப் புத்தகங்களே மூளையில 85 சதவீதத்தைப் பிடிச்சுக்குது, மிச்சம் 15 சதவீதத்துல ஒரு வருஷம்தான் அடங்கும், அழிக்கலேன்னா செத்துடுவான்னு சொல்லி நம்ப வச்சிருக்காங்க. அது பொய்னு தோமாவோட டீச்சரம்மா போன்லயே போட்டு உடைக்கறாங்க, மனுஷ மூளை 140 வருஷத்து ஞாபகம் தாங்கும், படிச்சு வச்சது ஒரு பக்கம், வாழ்க்கையில நடந்தது ஒரு பக்கம்னு தனித்தனியாதான் இருக்கும், ஒண்ணு நிறைஞ்சா இன்னொண்ணு வழியாதுன்னு. அப்புறம் தோமா அவ தொண்டைக்குள்ள இருந்த மந்திரத்தை உடைக்கறான், அவ பிழைக்கறா, அந்தச் சண்டையில மேலேர்ந்து விழுந்த ஒளி இறகு ஒண்ணு அவன் தலையில பட்டு இவன் ஞாபகம் மொத்தமா போயிடுது. ஜூலை 28. உங்க கட்டுரையில இது கதையோட கடைசியில நடக்குதுன்னு போட்டிருந்தீங்க, தப்பு சார், முதல் புத்தகத்துலயே நடந்துடுது, அனிமேல ஆறாவது எபிசோட். அதுக்கு மேலதான் இத்தனை வருஷக் கதையும் ஓடுது, அதாவது நாம பாக்கற ஹீரோ பெரும்பாலும் ரெண்டாவது தோமாதான்.

இப்ப ஆஸ்பத்திரி சீனுக்கு வர்றேன். இண்டெக்ஸ் உள்ள வர்றா, இவன் ரொம்ப மரியாதையா, ரூம் மாறி வந்துட்டீங்களான்னு கேக்கறான். அவளுக்கு முகம் மாறுது. ஞாபகம் இருக்கா ஞாபகம் இருக்கான்னு ஒவ்வொண்ணா கேக்கறா, இவனுக்கு ஒண்ணும் தெரியல. அழப்போற நேரத்துல டக்குனு, ஹய்யா ஏமாந்தியான்னு சிரிக்கறான், அவ கோவத்துல இவன் தலையைக் கடிச்சு வச்சுட்டுப் போறா. அப்புறம் தவளை மூஞ்சி டாக்டர் வந்து, உனக்கு நிஜமாவே ஒண்ணும் ஞாபகம் இல்லையே, இது சரியாப்பான்னு கேக்கறாரு. அந்தப் பொண்ணு அழறதைப் பாக்கக்கூடாதுன்னு தோணுச்சு, ஏன் தோணுச்சுன்னு தெரியலங்கற மாதிரி சொல்றான்.

உங்க கட்டுரை இந்த ஒரு பதிலோட நின்னுடுச்சு. நின்னா தியாகம்தான். ஆனா நான் கேக்கறது, அந்தப் பொய் அன்னிக்கு ஒரு நாள் பொய் இல்லையே, ஜூலை 28-ல ஆரம்பிச்சது கதைக்குள்ள அக்டோபர் கடைசி வரைக்கும் ஓடுது, மூணு மாசம். முதல் நாள் அவ அழக்கூடாதுன்னு சொன்னான், சரி, ரெண்டாவது நாள் காலையில முழிச்சு மறுபடி ஏன் சொல்லணும்? அந்தப் பொண்ணு அப்ப அழல, நல்லா சாப்பிட்டுட்டு இருக்கா.

இங்க எங்க வீட்டுக் கதையைச் சொல்லியாகணும். என் பெரியம்மாவுக்கு மறதி நோய். எப்ப ஆரம்பிச்சதுன்னு எங்க யாருக்கும் தெரியாது, ஏன்னா பெரியப்பா இருந்த வரைக்கும் எதைக் கேட்டாலும் பெரியம்மா அவர் பக்கம் திரும்புவாங்க, அவர் பதில் சொல்லுவாரு, நாங்க என்ன நினைச்சோம்னா அந்தக் காலத்துப் பொம்பளைங்க இப்படித்தான், புருஷனைப் பேச விடுவாங்கன்னு. அவர் போன பிறகு திரும்பிப் பாக்க ஆள் இல்ல. அப்பதான் வெளிய வந்துச்சு. டாக்டர் சொன்னாரு, இப்படிப் பக்கத்துல இருக்கறவரைத் திரும்பிப் பாக்கறதே ஒரு அறிகுறிதான்னு. அதுக்கப்புறமும் பெரியம்மா ஒரு தடவைகூட எனக்கு உன்னை ஞாபகம் இல்லைன்னு சொன்னது கிடையாது. யார் வந்தாலும் ஒரே கேள்வி, "ஏன் இப்படி இளைச்சுட்ட?" இதைக் கேட்டு வருத்தப்படற ஆள் இந்தத் தமிழ்நாட்டுல உண்டா சார்? நான் 92 கிலோ, எனக்கும் அதே கேள்விதான். அடுத்தது "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" அதுவும் எல்லாருக்கும் பொருந்தும். ரெண்டு கேள்வியிலயே வந்தவங்க உருகிப்போய் தன் பேரு, ஊரு, பையன் படிப்பு, பொண்ணு கல்யாணம்னு எல்லாத்தையும் தானே கொட்டிடுவாங்க, பெரியம்மா தலையை ஆட்டிட்டே வாங்கிக்குவாங்க. பாதி பொய்யை எதிர்ல இருக்கறவங்கதான் சொல்லிக் கொடுக்கறாங்க.

தோமா பண்றதும் இதேதான். பழைய தோமா எப்படிப் பேசுவான்னு எதிராளி முகத்தைப் பாத்து யூகிச்சு யூகிச்சு பேசறான், அவங்க சிரிச்சா சரி, முழிச்சா மாத்திக்கறான். அவனுக்குப் படிப்பு, பொது அறிவு, மொழி எதுவும் போகல, நடந்த சம்பவங்கதான் போயிருக்கு. இதைப் பாத்து கதைக்காகச் சும்மா அடிச்சு விட்டதுன்னு முதல்ல நினைச்சேன். ஆனா எண்டல் டுல்விங்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் 1972-லயே இந்த ரெண்டு வகை ஞாபகத்தையும் பிரிச்சுச் சொன்னாரு. அவர் பாத்த கனடாக்காரர் ஒருத்தர், புத்தகங்கள்ல கே.சி.ன்னு வருவாரு, 1981-ல பைக் ஆக்சிடென்ட். அதுக்கப்புறம் அவருக்கு செஸ் ஆடத் தெரியும், கார் டயர் எப்படி மாத்தறதுன்னு சொல்லத் தெரியும், ஆனா தன் வாழ்க்கையில நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட நினைவுல கொண்டு வர முடியாது, தம்பி செத்துட்டான்ங்கறது தகவலா தெரியும், அந்த நாள் தெரியாது. அப்படிப்பட்ட ஆள் வெளியில பாத்தா சாதாரணமாத்தான் இருப்பாரு. மறைக்க முடியற மறதி இது. எல்லாம் போயிருந்தா தோமாவால மறைச்சிருக்கவே முடியாது.

சரி, மறைக்க முடியும், ஏன் மறைக்கணும்? எனக்கு விடை கிடைச்சது நாலாவது நாவல்ல. பீச்சுக்கு அவனோட அப்பா அம்மா வர்றாங்க. இவனுக்கு முதல் தடவையா பாக்கற மனுஷங்க, ஆனா அப்பா அம்மான்னு கூப்பிட்டுத்தான் ஆகணும். அதுல ஒரு கட்டத்துல அந்த அப்பா மனசு உடைஞ்சு சொல்றாரு, சின்ன வயசுல உன்னை ராசி கெட்டவன்னு சொல்லி பசங்க கல்லால அடிச்சாங்க, கடன் தொல்லையில இருந்த ஒருத்தன் உன்னைத் துரத்திக் கத்தியால குத்தினான், அதான் உன்னை அகாடமி சிட்டிக்கு அனுப்பினேன்னு. உன் துரதிர்ஷ்டம் போகட்டும்னு ஊர் ஊரா தாயத்தும் பொம்மையுமா வாங்கி வீட்டை நிறைச்சிருக்காரு அந்த மனுஷன் (நம்ம ஊர் அப்பாவா இருந்தா திருநள்ளாறு போயிருப்பாரு). இவனுக்கு அந்தக் கல்லும் தெரியாது, கத்தியும் தெரியாது. ஆனா அப்பாவைப் பிடிச்சு, நான் ஒண்ணும் துரதிர்ஷ்டசாலி இல்ல, இப்படி இருக்கறதுல எனக்கு சந்தோஷம்தான்ங்கற அர்த்தத்துல சண்டை போடறான். அந்த இடத்துல நான் லேப்டாப்பை மூடிட்டு வெளிய போய் நின்னேன்.

அவன்கிட்ட வேற என்ன இருக்கு சொல்லுங்க. பொறந்தே சில வாரம்தான் ஆச்சு அந்த ரெண்டாவது தோமாவுக்கு. அப்பா, அம்மா, வீடு, சோத்துக்குக் காத்திருக்கற ஒரு பொண்ணு, சண்டைக்கு நிக்கற ஒரு சினேகிதி, எல்லாம் முன்னாடி இருந்தவன் சம்பாதிச்சது. நான் அவன் இல்லைன்னு சொல்லிட்டா, கோவிச்சுக்க மாட்டாங்க, பாவம்னு சொல்லுவாங்க, நல்லா பாத்துக்குவாங்க, ஆனா அதுக்கப்புறம் அவங்க இவனைப் பாக்கறப்பல்லாம் இவனுக்குப் பின்னாடி நிக்கற இன்னொருத்தனைத் தேடுவாங்க. அந்தப் பார்வைக்குத்தான் பயம்னு நான் நினைக்கறேன். முதல் நாள் பொய் அவளுக்காக, மறுநாள்லேர்ந்து சொன்ன பொய் தனக்காக. இதைச் சொன்னா என் பொண்ணு சண்டைக்கு வர்றா, தோமாவை சுயநலக்காரன் ஆக்காதீங்கப்பாங்கறா. சுயநலம்னு நான் சொல்லல. ஒருத்தன் தான் உக்கார்ற இடம் போயிடுமேன்னு பயப்படறது சுயநலமா?

பொய்யன்னு எழுதின வாசகர் ஒண்ணை கவனிக்கணும். இண்டெக்ஸைத் துரத்திட்டு வர்ற ஸ்டைல், கன்சாகின்னு ரெண்டு பேரு, அவங்க முன்னாடி அவளோட உயிர் சினேகிதங்க. வருஷா வருஷம் அவ மறந்து போயி யாரு நீங்கன்னு கேக்கறதைத் தாங்க முடியாம, இனிமே நாங்க உனக்கு எதிரியாவே இருந்துட்டுப் போறோம்னு முடிவு பண்ணவங்க. எல்லாம் ஞாபகம் இருந்தும் அந்நியன் மாதிரி நடிச்சாங்க. தோமா அந்நியனா இருந்துகிட்டு எல்லாம் ஞாபகம் இருக்கற மாதிரி நடிக்கறான். நேர் எதிர் பொய். எது அவளை அதிகம் அழ வச்சிருக்கும்?

அதுக்காக அவன் பண்ணது சரின்னு நான் சர்டிபிகேட் குடுக்கல. ஞாபகம் அழிஞ்சா எப்படி இருக்கும்னு உலகத்துலயே நல்லா தெரிஞ்ச ஒரே ஆள் இண்டெக்ஸ்தான், அவகிட்ட போயி இதை மறைச்சது, அவளால தாங்க முடியாதுன்னு இவனே முடிவு கட்டினது, அது எனக்கு உறுத்துது. கடைசியில 22-வது புத்தகத்துல, 2010-ல வந்தது, ரஷ்யாவுக்கு மேல மிதக்கற கோட்டையில நின்னுகிட்டு அவகிட்ட உண்மையைச் சொல்லி மன்னிப்பு கேக்கறான். அவ அதைப் பெரிசாவே எடுத்துக்கல, நீ திரும்பி வந்தா போதும்ங்கறா. மூணு மாசம் இவன் பயந்தது எதுவும் நடக்கல. எனக்கென்னமோ அவளுக்கு முன்னாடியே அரைகுறையா தெரிஞ்சிருக்கும்னு தோணும், ஆனா கதையில அப்படி இல்ல, இது நானா நினைச்சுக்கறது.

போன மாசம் பெரியம்மாவைப் பாக்கப் போயிருந்தேன். வழக்கம்போல ஏன் இளைச்சுட்டன்னாங்க. இத்தனை நாள் நான், பெரியம்மா நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்னு பரிட்சை வைப்பேன், வீட்ல எல்லாருமே வைப்போம், பாவம் அவங்க முழிப்பாங்க. இந்தத் தடவை வைக்கல. ஆமா பெரியம்மா, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, சரியா சாப்பிடறதில்லன்னேன். சந்தோஷமா ஒரு வாழைப்பழம் எடுத்துக் குடுத்தாங்க.

கடைசியா ஒண்ணு சார். கட்டுரையோட போட்ட படத்துல இருந்தது இண்டெக்ஸ் இல்ல, அதே கதையில வர்ற மிகோட்டோங்கற வேற பொண்ணு. வெள்ளை அங்கி போட்டிருக்கறதுதான் இண்டெக்ஸ். அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டீங்கன்னா நல்லது, என் பொண்ணு நாலு நாளா இதைச் சொல்லியே என் உயிரை எடுக்கறா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி