ஹெலிகாப்டரை எங்கே வெட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மாணவர் பகுதியில், நீளமான அறிவியல் பெயர்களை வேர்ச்சொல், ஒட்டு என்று உடைத்து, உடைத்தபடியே உரக்க வாசித்துப் பழகச் சொல்லியிருந்தீர்கள். உடைக்கச் சொன்னது சரிதான். அப்படியே வாசிக்கச் சொன்னதுதான் இடிக்கிறது.

ஹெலிகாப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்க மூலப்படி 'ஹெலிகோ' என்றால் திருகு, 'ப்டெர்' என்றால் இறக்கை. யாராவது அப்படிப் பிரித்துச் சொல்லிப் பார்க்கட்டும்! நாக்கு ஹெ-லி-காப்-டர் என்றுதான் பிரிக்கும். குளவியும் எறும்பும் சேர்ந்த பூச்சி வரிசையான ஹைமனாப்டிராவிலும் இதே கதை. தமிழில் எழுதினாலே வெட்டும் இடம் தெரிந்துவிடுகிறது: புள்ளி எழுத்து முன்னதோடு ஒட்டிக்கொள்ளும். செய்யுளை அலகிட, அதாவது அசை அசையாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது புதிதல்ல. (இரண்டு குறிலைச் சேர்த்து நிரையசை ஆக்கிவிடாமல் இருந்தால் போதும், இங்கே உயிரொலிக்கு ஓர் அசை.)

லத்தீன் பெயர்களில் தகராறு இணைப்பு உயிரால், அதாவது இரண்டு சொற்களை ஒட்டவைக்கும் உயிரொலியால் வருகிறது. முருங்கை, மொரிங்கா ஒலெயிஃபெரா. எண்ணெய் தருவது என்று பொருள். பொருள்படி ஒலெயி + ஃபெரா. ஒலிப்படி ஒ-லெ-யி-ஃபெ-ரா, ஐந்து அசை. என் மாணவர்கள் பலர் 'ஒலிஃபெரா' என்று ஓர் அசையை விழுங்கிவிடுவார்கள். விடைத்தாளிலும் ஓர் எழுத்து காணாமல் போகும். பொருள் பிரிவை அறிந்தவர்கள் அந்த எழுத்தை விடுவதில்லை. அதனால் எனக்கு இரண்டு பிரிவும் வேண்டும், தனித்தனியாக.

எந்த அசையை அழுத்திச் சொல்வது என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. லத்தீன் விதி எளிது. கடைசிக்கு முந்தைய அசை நெடிலாகவோ ஒற்றில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அதன்மேல். இல்லாவிட்டால் அதற்கும் முந்தியதன்மேல். தென்னையின் (கோகோஸ் நூசிஃபெரா) நூ-சி-ஃபெ-ராவில் 'சி' அழுந்தும். செம்பருத்தியின் சி-நென்-சிஸில் 'நென்'. வேம்பின் அசாடிராக்டா பாரசீகத்திலிருந்து வந்த பெயர். லத்தீன் சட்டை போட்டுக்கொண்ட பிறகு அதுவும் 'ராக்' மேல்தான் அழுந்துகிறது.

இனி அருஞ்சொல் பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் இருமுறை அச்சிட வேண்டுகிறேன்: ஒருமுறை கூட்டல் குறியிட்டு, ஒருமுறை சிறுகோடிட்டு, அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில். இடம் போதாதென்றால் பக்கத்திலுள்ள வண்ணப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்