பள்ளி வேப்பமரத்தடியில் ஒரு கல் வேண்டும்

சூலூர் வட்டாரத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கமுங்க.

சூலூர் தளத்திலிருந்து போர் விமானம் ஒன்று கிளம்பினால் நம் வகுப்பறைகளில் பாடம் அரை நிமிடம் நின்றுவிடும். அத்தனை தலையும் சன்னல் பக்கம்தான் இருக்கும். அந்தச் சத்தம் கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்காக உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

போன வருடம் எட்டாவது படிக்கும் என் மகள் ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனாள். போரில் உயிர் நீத்த பெண்கள் பற்றிப் பேச வேண்டும். நூர் இனாயத் கான் என்ற பெண்ணைப் பற்றிப் பத்து நாள் உட்கார்ந்து தயார் செய்திருந்தாள். பாதியிலேயே நடுவர் ஒருவர் நிறுத்தி, "வெள்ளைக்காரன் படையில இருந்தவளப் பத்தி நமக்கு எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டார். அவள் அழவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அந்தத் தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிவிட்டாள். எந்தப் பள்ளி, எந்த நடுவர் என்பது இங்கே வேண்டாம். அவர் கேட்டது கேட்கக்கூடாத கேள்வியும் இல்லை. ஆனால் பதினைந்து வயதுகூட ஆகாத பிள்ளைக்கு அங்கே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலை நான் சொல்கிறேன்.

நூர், திப்பு சுல்தானின் வழிவந்தவர். திப்புவோடு தோள் சேர்ந்து கும்பினிப் படையை எதிர்த்தவர் நம் தீரன் சின்னமலை. 1799-இல் திப்பு சீரங்கப்பட்டணத்தில் விழுந்தார்; 1805-இல் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்குச் சங்ககிரி போய் மாலை போடுகிற ஊர்க்காரர்கள் நாம். அந்த உறவின் மறுகரையில் பிறந்த பெண்ணை 'நமக்கு எதுக்கு' என்று தள்ளிவிட முடியுங்களா?

அவர் 1914-இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை பரோடாவிலிருந்து போன வீணைக் கலைஞர், சூஃபி ஞானி. தாய் அமெரிக்கர். பாரிசுக்குப் பக்கத்தில் வளர்ந்த நூர், குழந்தைகளுக்குக் கதை எழுதினார். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் இருபதை ஆங்கிலத்தில் சொல்லி 1939-இல் புத்தகமாக்கினார். அதில் ஒரு குரங்கு அரசன் கதை உண்டு. தன் கூட்டம் தப்பிக்க ஆற்றின் குறுக்கே தன் உடம்பையே பாலமாக நீட்டுகிறான். எல்லோரும் முதுகில் மிதித்துக் கடந்து போகிறார்கள். அவன் முதுகு ஒடிந்து சாகிறான்.

அடுத்த வருடமே பாரிசில் ஜெர்மன் படை நுழைந்தது. குடும்பம் கப்பலேறி இங்கிலாந்துக்குத் தப்பியது. 1940 நவம்பரில் நூர் பிரிட்டிஷ் விமானப்படையின் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து வயர்லெஸ் வேலை கற்றார். அந்தப் படையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1939 ஜூனில் தொடங்கி, 1943 வாக்கில் 1,80,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். பாராசூட் மடித்தார்கள், ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், எதிரி விமானம் வரும் வழியை மேசை வரைபடத்தில் நகர்த்தினார்கள், விமானத்தைத் தடுக்கும் ராட்சத பலூன்களைக் கட்டி இழுத்தார்கள். விமானம் ஓட்ட மட்டும் விடவில்லை. ஆணுக்குக் கொடுத்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுத்தார்கள். குண்டு விழும்போது அந்தக் கணக்கெல்லாம் பார்த்தா விழுந்தது?

அதிகாரி பதவிக்கான நேர்காணலில், போர் முடிந்ததும் இந்திய விடுதலையின் பக்கம் நிற்பேன் என்று நூர் முகத்துக்கு நேரே சொன்னார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் படை என்று கேட்டவருக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

அப்புறம் அந்த இரவு. 1943 ஜூன் 16 கழிந்து 17 விடிவதற்குள், சிறிய லைசாண்டர் விமானங்களில் அவரையும் இன்னும் இரண்டு பெண்களையும் ஜெர்மன் படையின் பிடியிலிருந்த பிரான்சில் ரகசிய வேலை பார்க்க, நிலா வெளிச்சத்தில் ஒரு வயல்வெளியில் இறக்கிவிட்டார்கள். டயானா ரௌடன், செசிலி லெஃபோர் என்பவர்கள் மற்ற இருவர். மூவருமே அந்தப் பெண்கள் படையைச் சேர்ந்தவர்கள். மூவரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

நூர் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே பாரிசில் அவர் சேர்ந்திருந்த ரகசியக் குழு பிடிபட்டது. திரும்பி வந்துவிடு என்று லண்டன் கூப்பிட்டது. நான் வந்துவிட்டால் செய்தி அனுப்ப இங்கே ஆளில்லை என்று இருந்துகொண்டார். பெட்டிக்குள் வயர்லெஸ், ஏறக்குறைய 15 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு வீடு மாற்றி, தலைமுடியின் நிறம் மாற்றி, தெரு மாற்றி ஓடினார். அந்த வேலையில் ஒருவர் ஆறு வாரம் தாக்குப்பிடித்தால் பெரிது என்பார்கள். நூர் ஏறக்குறைய நான்கு மாதம் இருந்தார். அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுக்கப் பிடிபட்டார். தப்பிக்க இரண்டு முறை முயன்றார். ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கைகால் விலங்கோடு பத்து மாதம். 1944 செப்டம்பர் 13 காலையில் நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமில் இன்னும் மூன்று பெண்களோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பது. 1949-இல் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள்.

அன்று உடன் சாய்ந்தவர்களில் யோலாந்த் பீக்மனும் அந்த விமானப்படைப் பெண்தான். முன்பே, 1944 ஜூலையில், ரௌடனை நாட்ஸ்வைலர் முகாமில் கொன்றிருந்தார்கள். லெஃபோரும், இன்னொரு வயர்லெஸ் பெண் லிலியன் ரோல்ஃபும் 1945-இன் தொடக்கத்தில் ராவென்ஸ்ப்ரூக் முகாமில் கொல்லப்பட்டார்கள். இவர்கள் யாருக்கும் கல்லறை கிடையாது. லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட் குன்றில், கல்லறையில்லாத விமானப்படையினர் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1953-இல் திறந்தார்கள். நூரின் பெயர் அங்கேதான் இருக்கிறது. 1941 ஜனவரியில் விமானத்தோடு தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து உடல்கூடக் கிடைக்காத பிரிட்டிஷ் பெண் விமானி ஏமி ஜான்சனின் பெயரும் இருக்கிறது.

சோவியத் பக்கம் யெவ்கேனியா ருத்னேவா என்று ஒருத்தி. வானியல் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. மரமும் துணியுமான சின்ன விமானத்தில் இரவில் வழிகாட்டியாக 600 தடவைக்கு மேல் பறந்து, 1944 ஏப்ரலில் கெர்ச் அருகே விழுந்தாள். நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டவளின் பெயரை ஒரு சிறுகோளுக்கு வைத்திருக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஊருக்காக விழுந்தவனுக்குக் கல் நடுவது நமக்குப் புதிதில்லை. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு படி வைத்துச் சொல்கிறது தொல்காப்பியம். கொங்கு நாட்டில் காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் வாளோடு நிற்கும் வீரன் கல் எத்தனை! பெண்ணுக்கு நாம் நட்டது எதற்கு என்று யோசித்துப் பார்த்தால் மனது கனக்கிறது. வீரமாத்தி என்று கும்பிடுகிறோமே, பெரும்பாலும் அது புருஷனோடு தீயில் இறங்கியவளுக்கு. தன் வேலையைத் தான் ஏற்று, அதைச் செய்யப்போய் செத்தவளுக்கு நம்மிடம் கல் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கன்னிமார் இருக்கிறார்கள். என் அம்மாயிக்கு ஓர் அக்கா, கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். ஒவ்வொரு வருடமும் அம்மாயி வேப்பமரத்தடியில் அவளுக்கு ஒரு புதுத்துணி வைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "கூப்புட ஆளிருக்கற வரைக்கும் அவ இந்த ஊட்டுப் புள்ளதான்" என்பார். கூப்பிடத் தெரிந்த ஊர் நம்முடையது. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பள்ளி வளாகத்தில், பிள்ளைகள் சோறு உண்ண உட்காரும் மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். சிலை வேண்டாம், மண்டபம் வேண்டாம். நூர், ரௌடன், லெஃபோர், பீக்மன், ரோல்ஃப், ஏமி, ருத்னேவா ஆகிய ஏழு பெயரும் தமிழில் இருந்தால் போதும். கன்னிமாரும் ஏழு பேர்தானே. திருமுருகன்பூண்டிச் சிற்பிகள் கையில் கொடுத்தால் அழகாகக் கொத்திக் கொடுப்பார்கள். வருடத்தில் ஒரு காலை, செப்டம்பர் 13 அன்று, இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவி அந்தப் பெயர்களை வாசிக்கட்டும். விடுமுறையில் வந்தால் முந்தின நாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

2016-இல்தான் நம் விமானப்படையில் முதன்முதலாக மூன்று பெண்கள் போர் விமானிகளானார்கள். உங்கள் வகுப்பிலிருந்தும் ஒருத்தி போகத்தான் போகிறாள். தனக்கு முன்னால் யார் யார் போனார்கள் என்று அவள் தெரிந்துகொண்டு போகட்டும்.

முதல் கல்லுக்கான செலவை எங்கள் வீடு ஏற்றுக்கொள்கிறது. சரி என்று சொல்லும் பள்ளிக்குப் பெயர்களை எழுத்துப்பிழை பார்த்து எழுதிக்கொண்டு நானே நேரில் வருகிறேன். முதல் வருடம் வாசிக்க ஆள் தேட வேண்டாம். அந்த மடித்த தாள் இன்னும் என் மகளின் பென்சில் பெட்டியில்தான் இருக்கிறது.

அன்புடன்,
காங்கயம்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு தாய்